பட்டியலில் இல்லாத ஜெபம்

தேசம் என்ற சொல் எனக்கு முதலில் அறிமுகமானது சங்கிலி ஜெபத்தில். தூத்துக்குடி மாவட்டத் தேரிக்காட்டுப் பக்கம் எங்கள் ஊர். வருஷா வருஷம் ஆகஸ்ட் 14 சாயங்காலம் ஆறு மணிக்குத் தொடங்கி மறுநாள் ஆறு மணி வரை வேதக்கோயிலில் ஜெபம் நடக்கும். 24 மணி நேரம், மணிக்கு ஒரு வீடு. ஒரு வீட்டார் எழும்பும்போது அடுத்த வீட்டார் முழங்கால் போட்டிருக்க வேண்டும், நடுவே அறுந்துவிடக் கூடாது. அதனால் சங்கிலி. ராத்திரி இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் ஆள் கிடைப்பது கஷ்டம். அந்த நேரங்களைப் பெரும்பாலும் பெண்கள் ஐக்கிய சங்கத்துக் கிழவிகள் எடுத்துக்கொள்வார்கள். அவர்களில் ஒருத்தி எங்கள் ஆச்சி.

ஒரு மணி நேரம் எதைச் சொல்லி ஜெபிப்பது? அதற்குத்தான் பட்டியல். ‘ஜெபக் குறிப்புகள்’ என்று தலைப்பிட்டு, கையால் எழுதி ஸெராக்ஸ் எடுத்து வீட்டுக்கு ஒன்று தருவார்கள். ஜனாதிபதி, பிரதமர், முதலமைச்சர் பெயர்கள். எல்லையில் நிற்கிற ராணுவத்தார். மழை, பனை, விலைவாசி. மதுவுக்கு அடிமையானவர்கள். மாநிலம் மாநிலமாக ஒரு வரி. ஆச்சி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தவள். ஆனால் பீகாரில் யார் முதலமைச்சர், ஒரிசாவில் எத்தனை மாவட்டம் என்றெல்லாம் அவளுக்குத் தெரியும். ஒரிசா அவள் பட்டியலில் நிரந்தரமாக இருந்தது. 1999 ஜனவரியில் அங்கே மனோகர்பூரில் கிரஹாம் ஸ்டெயின்ஸையும் அவருடைய இரண்டு பையன்களையும் ஜீப்போடு கொளுத்திய செய்தி வந்தபோது ஏறிய வரி அது. பிறகு 2008-ல் கந்தமால். அந்த வரியை எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை.

சின்ன வயதில் தேசம் என்பது யாரோ நெடுநாள் நோயாளி என்றே நினைத்திருந்தேன். எப்போதும் அதற்காக அழுதுகொண்டிருந்தார்களே.

பத்தாம் வகுப்பு படிக்கும்போது ஆச்சியிடம் கேட்டேன். “ஆச்சி, நீங்க இந்த முதலமைச்சருக்கு ஓட்டே போடலயே. அப்புறம் எதுக்கு அவங்களுக்காக அழுது ஜெபிக்கீங்க?”

“ஓட்டு எனக்குப் புடிச்சவியளுக்கு. ஜெபம் உக்காந்திருக்கவியளுக்கு. ரெண்டும் ஒண்ணாட்டி?” என்றாள்.

2002 அக்டோபரில் தமிழ்நாட்டில் மதமாற்றத் தடை அவசரச் சட்டம் வந்தபோது எங்கள் ஊரில் பெரியவர்கள் கொதித்துப் போயிருந்தார்கள். அடுத்த வருஷமும் முதலமைச்சர் பெயர் பட்டியலில் அதே இடத்தில் இருந்தது. பக்கத்தில் ‘ஞானத்துக்காக’ என்று ஒரு சொல் சேர்ந்திருந்தது, அவ்வளவுதான். 2004-ல் அந்தச் சட்டம் விலக்கிக்கொள்ளப்பட்டது. தேர்தல் தோல்விதான் காரணம் என்று மாமா சொன்னார். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் சிரித்தாள்.

*

இப்படிக் கூடி ஜெபிக்கிறவர்கள் எந்த நாட்டில் இருந்தாலும் மூன்று வேத பகுதிகளைத்தான் திரும்பத் திரும்பக் கையில் எடுக்கிறார்கள். மூன்றும் ஒரே விஷயத்தைச் சொல்வதுபோல் தோன்றும். சொல்லவில்லை.

முதலாவது, இரண்டாம் நாளாகமம் ஏழாம் அதிகாரம். சாலொமோன் ஆலயத்தைக் கட்டி முடித்த ராத்திரியில் வருகிற வாக்குத்தத்தம். என் ஜனங்கள் தங்களைத் தாழ்த்தி, தங்கள் பொல்லாத வழிகளை விட்டுத் திரும்பினால் அவர்கள் தேசத்தைக் குணமாக்குவேன் என்பது அதன் பொருள். நம் பழைய மொழிபெயர்ப்பில் அங்கே ‘க்ஷேமம்’ என்ற அழகான சொல் இருக்கிறது. இந்த வசனத்தில் ஜனமும் தேசமும் ஒன்று. ராஜா கடவுளுடைய ராஜா, ஆலயம் ஊரின் நடுவில்.

இரண்டாவது, எரேமியா பாபிலோனுக்கு எழுதிய கடிதம். பிடித்துக்கொண்டு போகப்பட்ட யூதர்களுக்கு அவர் எழுதுகிறார்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கல்யாணம் பண்ணிவையுங்கள், நீங்கள் இருக்கிற அந்தப் பட்டணத்தின் சமாதானத்துக்காக மன்றாடுங்கள். ஊர் அவர்களுடையது இல்லை. அதன் தெய்வங்களும் அவர்களுடையவை இல்லை. ஆனாலும் அதன் நன்மையில்தான் அவர்களுடைய நன்மையும் இருக்கிறது.

மூன்றாவது, தீமோத்தேயுவுக்கு எழுதின முதல் நிருபம். ராஜாக்களுக்காகவும் அதிகாரத்தில் உள்ள எல்லாருக்காகவும் ஜெபிக்கச் சொல்வது. அந்த ராஜா ரோமாபுரிச் சக்கரவர்த்தி. கிறிஸ்தவன் இல்லை, நண்பனும் இல்லை. அவனிடம் எதிர்பார்த்ததெல்லாம் அமைதியாக இருக்க விட்டால் போதும் என்பதுதான்.

எந்த வசனத்திலிருந்து தொடங்குகிறோமோ அதைப் பொறுத்து ஜெபம் வேறாகிறது. சாலொமோனின் வசனத்தைக் கையில் எடுத்தால், இந்த நாடு நம்முடையது, பாவத்தால் கெட்டுப்போனது, திரும்ப மீட்க வேண்டும் என்ற குரல் வரும். அமெரிக்காவின் தேசிய ஜெப தினக் கூட்டங்களில் அந்தக் குரல் ஓங்கி ஒலிக்கும். 1952-ல் ட்ரூமன் காலத்துச் சட்டம் அந்த நாளை உண்டாக்கியது. 1988-ல் அதை மே மாதத்தின் முதல் வியாழக்கிழமை என்று நிலைப்படுத்தினார்கள். சாம்பியாவில் 1991-ல் அதிபர் சிலூபா நாட்டையே கிறிஸ்தவ தேசம் என்று அறிவித்தார். எரேமியாவிலிருந்து தொடங்கினால் குரல் தாழும். அது குடியிருக்கிறவனின் ஜெபம், சொந்தக்காரனின் ஜெபம் அல்ல.

2011 கணக்கெடுப்புப்படி இந்தியாவில் கிறிஸ்தவர்கள் 2.3 சதவீதம், தமிழ்நாட்டில் 6 சதவீதத்துக்குக் கொஞ்சம் மேல். நியாயப்படி நமக்குப் பொருந்துவது எரேமியாவின் கடிதம். ஆனால் தேசத்துக்கான ஜெபக் கூட்டம் என்று நான் பார்த்த பிளெக்ஸ் பேனர்களில் பெரும்பாலும் சாலொமோனின் வசனமே இருந்திருக்கிறது, பின்னணியில் இந்திய வரைபடத்தோடு. அந்தப் படத்தைப் பார்க்கிற பக்கத்து வீட்டுக்காரருக்கு என்ன தோன்றும் என்று எனக்குக் கவலையாக இருக்கும். ஆச்சிக்கு அந்தக் கவலை இல்லை. “நம்ம தேசம்னு சொல்லாம வேற எப்படிச் சொல்ல?” என்பாள். அவள் சொன்னதிலும் சரி இருக்கிறது. அவள் எந்த பாபிலோனுக்கும் வந்தவள் இல்லை. அந்தத் தேரி மண்ணில் பிறந்தவள். எரேமியாவின் கடிதம் நமக்குப் பொருந்துகிறது என்று நான் சொல்லும்போது, நாம் இங்கே வெளியார் என்கிறவர்களுக்கே நானும் வாக்குமூலம் எழுதிக் கொடுக்கிறேனா என்ற சந்தேகமும் கூடவே வருகிறது.

*

திருநெல்வேலிச் சீமையின் பழைய சபைகளில் ஆங்கிலிக்கன் ஜெபப் புத்தகத்தின் தமிழாக்கத்தை வைத்துத்தான் ஆராதனை நடந்தது. அதில் இங்கிலாந்து மன்னருக்காக ஒரு ஜெபம் உண்டு. பனையேறிகளும் கூலிக்காரர்களும் லண்டனில் இருந்த ஒரு குடும்பத்தின் ஆரோக்கியத்துக்காக ஞாயிறுதோறும் ஆமென் சொன்னார்கள். 1947 ஆகஸ்டில் வெள்ளைக்கார ஆட்சி போனது. ஆறு வாரம் கழித்து, செப்டம்பர் 27 அன்று, சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானது. ஜெபத்தில் ராஜாவின் இடம் காலியானது. அந்த இடத்தில் யாரை வைப்பது, எந்தச் சொற்களால் என்பதை ஒவ்வொரு சபையும் புதிதாகக் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. நம் பட்டியல்கள் அந்தக் காலி இடத்தில் முளைத்தவை என்று எனக்குத் தோன்றும்.

அதற்கு முன்பே யோசித்தவர்களும் இருந்தார்கள். வெள்ளாளன்விளையில் பிறந்த வி.எஸ். அசரியா, 1912-ல் ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்தியப் பேராயர் ஆனவர். 1905 கிறிஸ்துமஸ் அன்று வங்காளத்தின் செராம்பூரில் அவரும் நண்பர்களும் கூடி ஜெபித்துத் தொடங்கிய அமைப்பின் பெயர் தேசிய மிஷனரி சங்கம். இந்திய ஆட்கள், இந்தியப் பணம், இந்திய நிர்வாகம் என்பது அவர்கள் கொள்கை. வங்கப் பிரிவினைக்கு எதிராகச் சுதேசி இயக்கம் கிளம்பியதும் அதே வருஷம். ‘தேசிய’ என்ற சொல் அவர்கள் பெயரில் வந்து உட்கார்ந்தது தற்செயலாக இருக்க முடியாது.

பிறகு அரசியல் நிர்ணய சபை. அதன் துணைத் தலைவரும் சிறுபான்மையினருக்கான துணைக் குழுவின் தலைவருமான எச்.சி. முகர்ஜி வங்காளக் கிறிஸ்தவர். தமிழ்நாட்டிலிருந்து ஜெரோம் டிசூசா என்கிற இயேசு சபைப் பாதிரியார் உறுப்பினராக இருந்தார். மதச் சிறுபான்மையினருக்கான தனித் தொகுதிகள் வேண்டாம், 1949-ல் ஒதுக்கீட்டு இடங்களும் வேண்டாம் என்று முடிவானபோது இருவரும் அதை ஆதரித்தார்கள். பெரும்பான்மையின் நல்லெண்ணத்தை நம்பி எடுத்த முடிவு அது. அந்த நம்பிக்கையையும் நான் ஒருவகை ஜெபமாகவே பார்க்கிறேன். பதில் வந்ததா என்று கேட்டால், சில வருஷம் வந்தது, சில வருஷம் வரவில்லை என்றுதான் சொல்ல முடியும்.

*

2018 மே மாதம். டெல்லிப் பேராயர் அனில் கூட்டோ தன் மறைமாவட்டத்துப் பங்குகளுக்கு ஒரு கடிதம் எழுதினார். கொந்தளிப்பான அரசியல் சூழல் நிலவுகிறது, அடுத்த வருஷம் தேர்தல் வருகிறது, நாட்டுக்காக வெள்ளிக்கிழமைகளில் உபவாசமிருந்து ஜெபியுங்கள் என்றார். கோயிலுக்குள் படிக்க எழுதிய கடிதம் இரண்டு வாரத்தில் தொலைக்காட்சி விவாதமானது. மத்திய அமைச்சர்கள் பதில் சொன்னார்கள்.

அப்போது நான் சென்னையில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். மதியச் சாப்பாட்டு நேரத்தில் கூட வேலை பார்க்கிற அண்ணன் ஒருவர், நல்ல மனுஷர்தான், டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே கேட்டார். “ஏம்மா, உங்க ஆளுங்க ஏன் கவர்மெண்டுக்கு எதிரா ப்ரே பண்றாங்க?”

“நாட்டுக்காகத்தான்ணே ப்ரே பண்றாங்க.”

“ரெண்டும் ஒண்ணுதானே இப்ப?” என்றார். கேலியாகச் சொன்னாரா, நிஜமாகவே அப்படி நினைத்தாரா என்று முகத்தைப் பார்த்துத் தெரியவில்லை. எனக்குச் சோறு இறங்கவில்லை.

நாட்டையும் அரசையும் ஒன்றாக்குவது பழைய வழக்கம். 1938 செப்டம்பரில் செக் எல்லைப் பிரச்சினையால் போர் மூளும் என்ற நிலை வந்தது. ஜெர்மனியில் ஹிட்லருக்கு அடிபணிய மறுத்த சபையார் சமாதானத்துக்காக ஒரு ஜெப முறைமை எழுதினார்கள். அதில் வெற்றிக்கான வேண்டுதல் இல்லை. தங்கள் சொந்த ஜனத்தின் பாவத்தை அறிக்கையிடுவது இருந்தது. ம்யூனிக் ஒப்பந்தம் வந்ததால் அந்த ஆராதனை நடக்கவே இல்லை. ஆனாலும் எஸ்.எஸ். படையின் பத்திரிகை அதைத் தேசத்துரோகம் என்று எழுதியது. சில பேராயர்களே பயந்து விலகிக்கொண்டார்கள். நடக்காத ஒரு ஜெபத்தைப் பார்த்து ஒரு பேரரசு எரிச்சல்பட்டிருக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் 1985 ஜூன் 16, சோவெட்டோ எழுச்சியின் நினைவு நாள். அநியாய ஆட்சி முடிவுக்கு வர வேண்டும் என்று ஜெபிக்கச் சபைத் தலைவர்கள் சிலர் அழைத்தார்கள். ஆட்சியாளர்களுக்காக ஜெபிக்கலாம், ஆட்சி போகட்டும் என்று ஜெபிக்கலாமா என்று சபைகளுக்குள்ளேயே பெரிய சண்டை வந்தது. ஒடுக்குகிறவனும் ஒடுக்கப்படுகிறவனும் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் ஒரே புத்தகத்தை வைத்து ஜெபித்துக்கொண்டிருந்த நாடு அது.

லைப்சிக் நகரத்துப் புனித நிக்கோலாஸ் ஆலயம் இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது. கிழக்கு ஜெர்மனி, கம்யூனிஸ்ட் ஆட்சி. 1982-லிருந்து திங்கள்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்குச் சமாதான ஜெபம். முதலில் வந்தவர்கள் ஒரு கை விரலுக்குள் அடங்குகிற நாட்களும் உண்டு. ‘எல்லோருக்கும் திறந்திருக்கிறது’ என்று வாசலில் ஒரு பலகை. விசுவாசம் இல்லாதவர்களும், நாட்டை விட்டுப் போக மனுப்போட்டவர்களும், உளவுத்துறைக்காரர்களும் வந்து உட்கார்ந்தார்கள். 1989 அக்டோபர் 9 அன்று கோயிலை நிரப்பக் கட்சிக்காரர்கள் நூற்றுக்கணக்கில் அனுப்பப்பட்டார்கள். அவர்களும் ஜெபத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதாயிற்று. அன்று தெருவில் சுமார் 70,000 பேர், பலர் கையில் மெழுகுவர்த்தி. மெழுகுவர்த்தியை அணையாமல் பிடிக்க இரண்டு கையும் வேண்டும், கல்லெடுக்கக் கை மிஞ்சாது என்று அங்கே போதகராக இருந்த கிறிஸ்டியன் ஃப்யூரர் பின்னாளில் விளக்கினார். துப்பாக்கி வெடிக்கவில்லை. ஒரு மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

இதைப் படித்துவிட்டு ஜெபம் ஜெயிக்கும் என்று எழுதிவிடலாம். ஆனால் ருவாண்டாவும் இருக்கிறது. மக்களில் மிகப் பெரும்பாலோர் கிறிஸ்தவர்கள். 1994-ல் அங்கே தப்பிக்கக் கோயிலுக்குள் ஓடியவர்களைக் கோயிலுக்குள்ளேயே கொன்றார்கள். நியமாட்டாவிலும் நட்டராமாவிலும் அந்தக் கோயில்கள் இன்று நினைவிடங்கள். கொன்றவர்களில் அநேகர் அதற்கு முந்தின ஞாயிறுவரை தேசத்துக்காக ஆமென் சொல்லியிருப்பார்கள்தானே.

*

2023 மே 3 அன்று மணிப்பூரில் கலவரம் தொடங்கியது. நான் லீவில் ஊருக்குப் போயிருந்த ஒரு ஞாயிறு, ஐயர் பிரசங்கத்துக்குப் பிறகு மணிப்பூருக்காகச் சபையாரை முழங்காலில் நிற்கச் சொன்னார். ஆச்சிக்கு அப்போது முழங்கால் போட முடியாது. பெஞ்சிலேயே குனிந்து உட்கார்ந்திருந்தாள். வீட்டுக்கு வந்ததும் என்னிடம் கேட்டாள். “அங்க யாருக்கும் யாருக்கும்ட்டி சண்டை?”

மலையில் குக்கி மக்கள், பெரும்பாலும் கிறிஸ்தவர்கள். பள்ளத்தாக்கில் மெய்தேய் மக்கள், பெரும்பாலும் இந்துக்கள். மெய்தேய்களிலும் கிறிஸ்தவர்கள் உண்டு, அவர்கள் கோயில்களையும் கொளுத்திவிட்டார்கள். நிலம், இட ஒதுக்கீடு, காடு என்று எனக்குத் தெரிந்தவரை சொன்னேன். கேட்டுவிட்டு ராத்திரி ஜெபத்தில் இரண்டு பெயரையும் தட்டுத்தடுமாறிச் சொன்னாள். மெய்தேய் என்பது அவள் வாயில் நுழையவில்லை. “அந்தப் பள்ளத்துல இருக்க பிள்ளைகளுக்காகவும்” என்று சேர்த்துக்கொண்டாள்.

எனக்கு ஆத்திரமாக வந்தது. “நம்ம கோயிலெல்லாம் எரியுது. முதல்ல நம்ம ஆளுகளுக்காக ஜெபிங்க ஆச்சி.”

“அங்க செத்துப்போன பிள்ளைக்கு நான் ஆச்சி இல்லட்டி. எந்தப் பக்கத்துப் பிள்ளைக்கும் இல்ல. பிறகு எனக்கென்ன நம்ம ஆளு, அவிய ஆளு?”

நான் விடவில்லை. “சரி, ஜெபிச்சா போதுமா? கோயிலுக்குள்ள அழுதிட்டு வெளிய வந்து ஒருத்தரும் வாயத் திறக்கலயே.”

அதற்கு அவள் உடனே பதில் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, “திறக்கணும். நீ படிச்சவ, நீ திற” என்றாள்.

இந்தக் கட்டுரையை எழுதுவதற்கு அதுவும் ஒரு காரணம். ஜெபம் பேச்சுக்குப் பதிலாக வந்துவிடுகிறது என்ற என் கோபம் இன்னும் இருக்கிறது. ஆனால் ஆச்சியின் அந்த ஒரு மணி நேரத்தைக் குறைத்துப் பேச மாட்டேன். எந்த மேடையும் கிடைக்காத பெண், ராத்திரி இரண்டு மணிக்குப் பிரதமர் பெயரைச் சொல்லி, அவர் செய்ய வேண்டியது இன்னது என்று ஒரு மணி நேரம் வாதாடியிருக்கிறாள். குடிமகள் என்பதற்கு என் பாடப்புத்தகம் தந்த எந்த விளக்கத்துக்கும் அது குறைந்ததில்லை.

2020-ல் கோயில்கள் பூட்டிக் கிடந்தபோது ஏப்ரல் 5 குருத்தோலை ஞாயிறு. அன்று ராத்திரி ஒன்பது மணிக்கு ஒன்பது நிமிஷம் விளக்கை அணைத்துத் தீபம் ஏற்றும்படி பிரதமர் சொல்லியிருந்தார். மாமாவுக்கு இஷ்டமில்லை. ஆச்சி மெழுகுவர்த்தியோடு வாசலில் போய் நின்றாள். எதிர்வீட்டு அம்மா அகல்விளக்கோடு நின்றாள். இரண்டு பேரும் எதை நினைத்துக்கொண்டார்கள் என்று தெரியாது. ஒன்பது நிமிஷமும் பேசிக்கொண்டுதான் இருந்தார்கள், கத்திரிக்காய் விலையைப் பற்றி.

*

ஆச்சி 2024-ல் போய்விட்டாள். பட்டியலை இப்போது சித்தி தயாரிக்கிறாள், வாட்ஸப்பில். வெளியூரில் இருப்பவர்களும் ஆளுக்கொரு மணி நேரம் எடுத்துக்கொள்ளலாம். என் விசுவாசம் ஆச்சியுடையது போல் கெட்டியானது இல்லை. இருந்தாலும் ஒரு மணி நேரத்தை எடுத்துக்கொண்டேன்.

பட்டியலில் சேர்க்கச் சொல்லிச் சித்திக்கு ஒரு குறிப்பு அனுப்பினேன். ஆகஸ்ட் 15-க்கு ஐந்து நாள் முன்னால் ஆகஸ்ட் 10 வருகிறது. 1950-ல் அந்தத் தேதியில்தான் பட்டியல் சாதிகளைப் பற்றிய ஜனாதிபதி ஆணை வெளியானது. இந்து மதத்தில் இருப்பவர்களுக்கு மட்டுமே அந்த உரிமை என்று அதன் மூன்றாம் பத்தி சொன்னது. 1956-ல் சீக்கியர்களையும் 1990-ல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். தலித் கிறிஸ்தவர்களையும் முஸ்லிம்களையும் இன்றுவரை சேர்க்கவில்லை. 2004-லிருந்து வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருக்கிறது. தலித் கிறிஸ்தவர்கள் ஆகஸ்ட் 10-ஐக் கறுப்பு தினமாக அனுசரிக்கிறார்கள். என் சிறுவயதிலிருந்து நான் பார்த்த எந்தப் பட்டியலிலும் இது இருந்ததில்லை.

குறிப்பில் இரண்டு வரி எழுதியிருந்தேன். ஒன்று, அந்த ஆணை மாற வேண்டும். இரண்டு, நம் சபைகளுக்குள் இருக்கிற சாதிக்காக மன்னிப்புக் கேட்க வேண்டும். பிரிந்து கிடக்கிற கல்லறைத் தோட்டங்கள், சாதி பார்த்து நடக்கிற சபைத் தேர்தல்கள், கல்யாணங்கள்.

சித்தி போன் பண்ணினாள். “இது அரசியலாயிடும்லா மக்கா?”

“பிரதமர் பேரு இருக்கு, ராணுவம் இருக்கு, அதெல்லாம் அரசியல் இல்லையா சித்தி?”

“யோசிச்சுச் சொல்லுதேன்.”

13-ம் தேதி பட்டியல் வந்தது. மொத்தம் 21 குறிப்புகள். பதினெட்டாவது, தலித் கிறிஸ்தவர்களுக்கு அரசு நீதி செய்யும்படி. என் முதல் வரி அப்படியே இருந்தது. இரண்டாவது வரி இல்லை. கேட்டதற்கு, “அது நம்ம உள்வீட்டு விஷயம்லா, தேசத்துக்கான ஜெபத்துல எதுக்கு?” என்றாள் சித்தி.

பட்டியலின் உச்சியில் வழக்கம்போல் சாலொமோனின் வசனம். தேசத்தின் க்ஷேமம் அந்த வசனத்தில் கடைசியில்தான் வருகிறது. முதலில் வருவது என் ஜனங்கள், அவர்களுடைய பொல்லாத வழிகள். உள்வீட்டு விஷயத்தில் தொடங்கித்தான் அந்த வாக்குத்தத்தமே இருக்கிறது. இதைச் சித்திக்கு எழுதி அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பதில் இன்னும் வரவில்லை. அடுத்த வருஷமும் அனுப்புவேன்.